டோக்கனுக்குப் பிறகு: பத்திரப்பதிவு அலுவலகச் சீர்திருத்தம் எதுவரை வந்திருக்கிறது

ஒரு குடும்பம் 20 லட்ச ரூபாய்க்கு மனை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விற்றவருக்குக் கொடுத்தது போக 1,80,000 ரூபாய் அரசுக்குப் போகிறது. அந்தக் குடும்பம் தன் வாழ்நாளில் அரசுக்கு ஒரே மூச்சில் கட்டுகிற ஆகப் பெரிய தொகை அநேகமாக இதுதான். இதற்குப் பிறகும் ஆவண எழுத்தருக்குக் கூலி தனி. அந்தக் கூலியோடு சேர்த்துச் சொல்லப்படும், ரசீது இல்லாத ‘ஆபீஸ் செலவு’ தனி. இதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. மனை விலை பேசும்போதே அதையும் கூட்டித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பதிவுத்துறையில் கணினி நுழைந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அரசு அலுவலகங்களை நவீனமாக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் துறையை முன்மாதிரியாகக் காட்டுவதும் உண்டு, ஊழலுக்கு உதாரணமாகக் காட்டுவதும் உண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எது மாறியது, எது மாறவில்லை, மாறாதது ஏன் மாறவில்லை என்று துறையின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் இரண்டும் எப்படி ஒரே கூரையின்கீழ் இருக்க முடிகிறது என்பது விளங்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுக்கு வர வேண்டியதை வசூலிக்கும் பாதி நன்றாகவே இயந்திரமயமாகிவிட்டது. மனு கொண்டுவந்தவருக்கு அரசு சொல்ல வேண்டிய பதில் இன்னும் அலுவலரின் வாய்வார்த்தையாகவே இருக்கிறது.

பழைய நிலையைப் பார்த்தவர்களுக்கு மாற்றத்தின் அளவு தெரியும். வில்லங்கச் சான்று என்றால் அலுவலகத்தின் பின்னறையில் தடித்த அட்டவணைப் புத்தகங்களை ஆண்டுவாரியாக ஒருவர் புரட்டிப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட வேண்டுமென்றால் முப்பது வருடத்துப் புத்தகமும் மேசைக்கு வர வேண்டும். அது எப்போது வரும் என்பது புத்தகத்தை எடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. பதிவான பத்திரம் கைக்குத் திரும்ப வருவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். அது வராமல் வங்கியில் கடன் கிடைக்காது. வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்பதுகூட அலுவலகத்துக்குள் இருப்பவர் சொன்னால்தான் தெரியும்.

2000ஆம் ஆண்டில் ‘ஸ்டார்’ என்ற பெயரில் கணினித் திட்டம் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ வந்தது. இன்று வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே, 1975 வரை பின்னோக்கிப் போய், பைசா செலவில்லாமல் பார்க்கலாம். தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் வழிகாட்டி மதிப்பு பொதுப் பார்வைக்கு இருக்கிறது. கட்டணம் இணையம் வழியாகப் போகிறது. அலுவலகத்தில் ரொக்கம் கைமாற வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர், சாட்சி எல்லோரையும் அங்கேயே படம் பிடித்து விரல்ரேகை எடுத்துவிடுகிறார்கள். சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் பத்திரம் அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது. அட்டவணைப் புத்தகம் புரட்டிய காலத்தை அறிந்த எவரும் இதைச் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

டோக்கன் முறையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளருக்கு 100 டோக்கன். முகூர்த்த நாள் வந்தால் அதை 150 ஆக்குகிறார்கள், இரண்டு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 200க்குப் பதில் 300. நல்ல நாள் பார்த்துப் பத்திரம் பதிவது மக்களின் வழக்கம். அந்த வழக்கத்தைக் குறை சொல்லாமல், அதற்கேற்ப அலுவலகத்தின் வேலையைக் கூட்டிக் குறைப்பது என்று ஒரு துறை முடிவெடுத்திருக்கிறது. சேவை என்பதன் பொருள் புரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. சனிக்கிழமையில் சில அலுவலகங்களைத் திறந்துவைத்ததும் அதே வகையானது. கூலிவேலைக்குப் போகிறவர் அரை நாள் சம்பளத்தை இழக்காமல் வந்துபோக முடிகிறது.

2021இல் வந்த இன்னொரு உத்தரவைப் பலர் மறந்திருப்பார்கள். அதுவரை சார்பதிவாளர் உயரமான மேடையில், நீதிமன்றத்தில் இருப்பதுபோல் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பத்திரம் பதிய வந்தவர் கீழே நின்று, கழுத்தை நிமிர்த்திப் பேச வேண்டும். அந்த மேடையையும் தடுப்பையும் அகற்றி, அலுவலரின் இருக்கையைத் தரைமட்டத்தில் போடச் சொன்னது அரசு. செலவு என்று பார்த்தால் ஒரு தச்சரின் ஒருநாள் வேலை. ஆனால் கோடிக்கணக்கில் வாங்கிய மென்பொருளுக்கு இணையாக அதை வைப்பேன். மேடை என்பது மரச்சாமான் மட்டும் அல்லவே. எதிரில் நிற்பவர் கேள்வி கேட்கலாமா கூடாதா என்பதை அந்த இரண்டடி உயரம் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தது.

இவ்வளவும் ஆன பிறகு இடைத்தரகர் ஏன் போகவில்லை?

பதிவுக்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பாருங்கள். சொத்து விவரம், நான்கு எல்லை, புல எண், உட்பிரிவு எண், முந்தைய ஆவண எண், எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர். நடுவில் ஒரு சிறிய கட்டம்: அலைபேசி எண். பெரும்பாலான பத்திரங்களில் அந்தக் கட்டத்தில் இருப்பது மனை வாங்குபவரின் எண் அல்ல, ஆவண எழுத்தரின் எண்ணோ அவரிடம் வேலை பார்க்கும் பையனின் எண்ணோதான். கடவுச்சொல் அந்த எண்ணுக்குப் போகும். டோக்கன் நேரம், பத்திரம் எந்த நிலையில் இருக்கிறது, பட்டா மனு ஏற்கப்பட்டதா தள்ளுபடியானதா என்ற செய்திகள் அத்தனையும் அங்கேதான் போகும். 20 லட்சம் போட்டவர் தன் சொத்தைப் பற்றிய செய்தியைத் தெரிந்துகொள்ள எழுத்தரின் கடை வாசலில் நிற்கிறார். முன்பு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்த இடைத்தரகர், இப்போது படிவத்துக்குள்ளேயே ஒரு கட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

எழுத்தரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல வேலை செய்தவர்கள். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பொதுக்கிணற்றுக்கும் பாதைக்கும் யாருக்கு என்ன உரிமை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதத் தெரிந்த எழுத்தர், பின்னால் அண்ணன் தம்பிக்குள் வரக்கூடிய வழக்கைத் தடுத்துவிடுகிறார். எழுதுவதற்குக் கூலி வாங்குவது நியாயம். அலுவலரிடம் ‘பேசி முடிப்பதற்கு’ வாங்குவதுதான் சிக்கல். பேசி முடிக்க வேண்டிய ஏதோ ஒன்று அந்த மேசையில் மிச்சம் இருப்பதால்தான் அது நடக்கிறது.

ஆந்திரத்தில் இது முன்பே நடந்தது. 1998இல் அங்கே பதிவு அலுவலகங்களுக்காக ‘கார்டு’ என்ற கணினித் திட்டம் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் பதிவு முடியும் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்த அலுவலகங்களை ஆராய்ந்த ஜோனதன் கேஸ்லி, 2004இல் வெளியான தன் கட்டுரையில், முகப்பு பளபளப்பானதே தவிர இடைத்தரகர்களும் கையூட்டும் அப்படியே இருப்பதைக் காட்டினார். கணினி வேலையை வேகமாக்கியது. வேலையைச் செய்யலாமா வேண்டாமா என்ற முடிவு பழைய இடத்திலேயே, பழைய கைகளிலேயே இருந்தது. அங்கே 20 ஆண்டுக்கு முன் கண்டதை இங்கே இன்று நம் கண்ணாலேயே பார்க்கிறோம்.

அந்த முடிவு எங்கே இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். டோக்கன் நேரத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பணம் கட்டியாகிவிட்டது. சார்பதிவாளர் தாள்களைப் புரட்டுகிறார். அவர் முன்னால் நான்கு வழிகள். பதியலாம். பதிந்துவிட்டு, மதிப்புக் குறைவு என்று முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவின்கீழ் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்பலாம். கட்டடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நிலுவையில் போடலாம். அல்லது, “இது சரியில்லை, சரிபண்ணிக்கிட்டு வாங்க” என்று தாள்களைத் திருப்பித் தரலாம். முதல் மூன்றுக்கும் எண் உண்டு, தேதி உண்டு, கணினியில் தடம் உண்டு. நான்காவதற்கு ஒன்றுமே இல்லை. அலுவலகப் பதிவேட்டைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் அன்று அங்கே வந்ததாக மட்டும்தான் தெரியும், ஏன் திரும்பிப் போனது என்று தெரியாது. பேரம் நடக்கும் இடம் இந்த நான்காவது வழிதான். சார்பதிவாளர் பணமே கேட்க வேண்டியதில்லை. காரணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டாலே போதும், மிச்சத்தை வாசலில் நிற்பவர் பார்த்துக்கொள்வார்.

இப்படி வாய்வார்த்தையால் திருப்பி அனுப்புவதைச் சட்டம் எங்கும் அனுமதிக்கவில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிரிவு 52, ஆவணம் தாக்கலான நாளையும் நேரத்தையும் இடத்தையும் அதன்மேலேயே குறிக்கச் சொல்கிறது, தாக்கல் செய்தவருக்கு ரசீது தரச் சொல்கிறது. பிரிவு 71, பதிய மறுத்தால் மறுப்பு ஆணை பிறப்பித்து, காரணத்தை இரண்டாம் புத்தகத்தில் எழுதச் சொல்கிறது. கேட்டால் அந்தக் காரணத்தின் நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். பிரிவு 72, அந்த ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய வழிவிடுகிறது. நூறாண்டு தாண்டிய சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று நாம் சலித்துக்கொள்ளும் அதே சட்டம், பதிலை எழுத்தில் தருவதை அலுவலரின் கடமையாக்கி வைத்திருக்கிறது. இப்போதும் மறுப்புச் சீட்டு கொடுப்பது உண்டு. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் வக்கீலை வைத்திருப்பவர்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி வருகிறார்கள். மற்றவர்களுக்கு “நாளைக்கு வாங்க”தான். பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடுவும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அலுவலக நடைமுறையிலும் இதே கதைதான். சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்த முறைதான் நம் வருவாய் அலுவலகங்களில் இன்றும் அடித்தளம். ஒவ்வோர் உதவியாளருக்கும் ஒரு தன்பதிவேடு. அவர் மேசைக்கு வந்த ஒவ்வொரு தாளும் அதில் ஏற வேண்டும், ந.க. (நடப்புக் கணக்கு) எண் பெற வேண்டும். அதன்மேல் என்ன செய்தார் என்று வரிசையாக எழுத வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் கண்காணிப்பாளர் அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, எது தேங்கிக் கிடக்கிறது என்று சிவப்பு மையில் கேட்க வேண்டும். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று ஏதாவது ஒரு முடிவோடு தாள் மூடப்பட வேண்டும். இந்த முறை மெதுவானது, தாள்மலையை உண்டாக்குவது, எல்லாம் சரி. ஆனால் ஒரு மனு காணாமல் போகக் கூடாது, யார் மேசையில் தூங்குகிறது என்பது தெரிந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருந்தது. தன்பதிவேட்டை ஒழுங்காக எழுதிய பழைய தலைமை எழுத்தர்களுக்குத் தங்கள் மேசையைப் பற்றி ஒரு பெருமிதமும் இருந்தது. கணினி வந்தபோது அந்தப் பிடிவாதத்தைத்தான் முதலில் அதற்குள் ஏற்றியிருக்க வேண்டும். நாம் ஏற்றியது கட்டண வசூலை. மின்கோப்பு முறை இப்போது பரவி வருகிறது. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதை அது காட்டும். காட்டுவது அதிகாரிக்கு மட்டும்தான், மனு கொடுத்தவருக்கு அல்ல.

கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் இந்த இடத்தில் ஒரு படி முன்னால் போனது. 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, 177 வட்டங்களில் 15 ரூபாய்க்கு நகல் கொடுக்கத் தொடங்கினார்கள். பத்திரிகைகள் அந்த 15 ரூபாயைத்தான் புகழ்ந்தன. என் பார்வையில் அதன் உண்மையான சாதனை வேறு. பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையிலேயே எடுத்தாக வேண்டும் என்று மென்பொருளிலேயே கட்டிவிட்டார்கள். பத்தாவதாக வந்த மனுவை முதலில் எடுக்க வேண்டுமென்றால் அதற்குக் காரணத்தை அலுவலர் பதிய வேண்டும். கைரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய முடியும் என்பதால் யார் எடுத்தார்கள் என்பதும் பதிவாகிவிடும். வரிசையைப் புரட்டும் அதிகாரத்தில்தான் கையூட்டு பிறக்கிறது என்பதை அதை வடிவமைத்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். பூமியைப் பற்றிக் கடுமையான விமர்சனமும் உண்டு. பதிவேடு திறந்த புத்தகமானதில் பெங்களூரைச் சுற்றி நிலம் வாங்கிக் குவித்த பெரிய கைகளுக்குத்தான் முதல் லாபம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த விமர்சனத்தையும் தள்ள முடியாது.

இனி, பதிவு முடிந்த பிறகு நடப்பது. பத்திரம் கையில் இருந்தாலும் பட்டா மாறாமல் அந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் வராது. பதிவுத்துறை வேறு, வருவாய்த்துறை வேறு. பதிவு முடிந்ததும் விவரம் தானாக ‘தமிழ்நிலம்’ மென்பொருளுக்குப் போகிறது. புல எண் முழுவதும் ஒரே கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறினால், பட்டாவில் இருக்கும் பெயரும் விற்றவரின் பெயரும் ஒத்துப்போனால், தானியங்கியாகவே பட்டா மாறிவிடும் நிலை வந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் நம் ஊர்களில் எத்தனை நிலம் அப்படி இருக்கிறது? தாத்தா பெயரில் பட்டா, பேரன் கையில் உழவு. ஒரு புல எண்ணில் ஏழு பேருக்குக் கூட்டுப்பட்டா. உட்பிரிவு செய்ய வேண்டும் என்றால் நில அளவையர் வந்து அளந்தாக வேண்டும். அவர் எப்போது வருவார் என்ற கேள்வியில் மறுபடியும் மனித முகம் தேடி அலைய வேண்டியதுதான்.

பெயர் ஒத்துப்போவதற்கும் பெரிய தடை உண்டு. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஜனங்கள் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்வதில், ஏராளமான பிழைகள் ஏறின. தகப்பனார் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்து நிலக்காரர் பெயர் ஏறியது. அதே காலத்தில், 1980இல், பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்துவிட்டு, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்களை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. சாதியும் குடும்பமும் ஊர்க்கணக்கைக் கையில் வைத்திருந்த நிலை அதனால் முடிந்தது. அது செய்தே தீர வேண்டிய சீர்திருத்தம். ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள், புதியவர்களின் கையில் பிழையோடு பதிவேடு வந்து சேர்ந்தது. பின்னால் கணினியில் ஏற்றப்பட்டது அந்தப் பதிவேடுதான். தாளில் இருந்தவரை ஊரார் வாய்ச்சொல்லால் சமாளித்த பிழை, கணினிக்குப் போனதும் சட்டபூர்வமான உண்மைபோல ஆகிவிட்டது. வில்லங்கச் சான்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. பழைய புல எண்ணுக்கும் உட்பிரிவான புதிய எண்ணுக்கும் இணைப்பு இல்லாவிட்டால், புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடுகிறவருக்கு ‘வில்லங்கம் இல்லை’ என்று வரும். இருக்கிற வில்லங்கம் பழைய எண்ணில் உட்கார்ந்திருக்கும். தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்கு நாடா வெட்டும் விழா கிடையாது. அதனால்தானோ என்னவோ, எந்த அரசும் அதற்குப் போதிய ஆளும் பணமும் ஒதுக்குவதில்லை.

இதற்கு அடியில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் பதிவாவது ஆவணம்தான், சொத்தின் உரிமை அல்ல. விற்பவருக்கு உண்மையிலேயே அந்த நிலம் சொந்தமா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை. போலிப் பத்திரங்களால் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்து, அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முயன்றது. 2022இல் 77-அ என்ற பிரிவைச் சேர்த்து, மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்துசெய்யலாம் என்றது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. முந்தைய மூல ஆவணத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டினால்தான் பதிய வேண்டும் என்ற 55-அ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அலுவலரின் வேலை ஆவணத்தைப் பதிவது, உரிமையை விசாரிப்பது அல்ல என்றது தீர்ப்பு.

அரசின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நிலத்தைப் பறிகொடுத்த ஒரு விதவை இருபது வருடம் உரிமையியல் நீதிமன்றத்தில் அலைய முடியாது. ஆனாலும் நீதிமன்றங்கள் சொன்னதில் நிர்வாகத்துக்கும் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன். “மூலப்பத்திரம் எங்கே?” என்று கேட்கும் அதிகாரம், மோசடிக்காரனைத் தடுப்பதைப் போலவே, மூலப்பத்திரம் கரையான் அரித்துப்போன நேர்மையான குடும்பத்தையும் வாசலில் நிறுத்துகிறது. அலுவலரின் விருப்புரிமை கூடும் ஒவ்வோர் இடத்திலும் அதே அளவுக்கு எழுத்துபூர்வமான பதிலும் மேல்முறையீடும் கூட வேண்டும். முதலாவது மட்டும் கூடினால் வாசலில் இருப்பவரின் வியாபாரம்தான் பெருகும்.

பதிலைக் கட்டாயமாக்கப் பல மாநிலங்கள் சட்டமே போட்டுவிட்டன. 2010இல் மத்தியப் பிரதேசம் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே கெடு தாண்டினால் தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். 2011இல் பீகாரும் கர்நாடகமும் சட்டமியற்றின, 2012இல் கேரளம். கர்நாடகத்தின் ‘சகாலா’வில் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. இந்தத் தொகைகள் அற்பமானவைதான், இவை எல்லா இடத்திலும் ஒழுங்காக வசூலானதாகவும் சொல்ல முடியாது. ஆனால் மனு கொடுத்தவுடன் ஒரு எண்ணும், முடிக்க வேண்டிய தேதியும் மனுதாரர் கைக்கு வருகின்றன. கேட்கும் குரலின் தொனியே அதனால் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் சேவை உரிமைச் சட்டம் வர வேண்டும் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்புகள் விடாமல் கேட்டு வருகின்றன. 2021 தேர்தலில் வென்ற கட்சியின் அறிக்கையிலும் அந்த வாக்குறுதி இருந்தது. நலத்திட்டங்களில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம், இந்த ஒன்றில் பின்வரிசையில் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பதில் நம்மிடம் இருப்பது முகாம். திங்கட்கிழமை மனுநீதி நாளிலிருந்து, 2023 டிசம்பரில் தொடங்கிய ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ வரை. பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல் போட்டு, வருவாய், மின்வாரியம், சமூகநலம் என்று எல்லாத் துறை மேசைகளையும் வரிசையாகப் போட்டு, மனுவை வாங்கி 45 நாட்களில் தீர்வு என்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே போய்ப் பயன்பெறுவது உண்மை. இ-சேவை மையத்தில் மாதக்கணக்கில் நின்ற சாதிச் சான்று, வாரிசுச் சான்று முகாமில் வேகமாகக் கிடைக்கிறது. அதே அலுவலர், அதே கணினி, அதே விதி. முகாமில் முடிகிற வேலை அலுவலகத்தில் ஏன் முடியவில்லை? முகாமில் கெடு இருக்கிறது, மேலே இருந்து தினமும் எண்ணிக்கை கேட்கிறார்கள், எல்லாத் துறையும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கிறது. இந்த மூன்றையும் அலுவலகத்துக்குள் நிரந்தரமாகக் கொண்டுவந்தால் பந்தல் தேவைப்படாது.

அலுவலர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பல அலுவலகங்களில் முறையான சார்பதிவாளர் இல்லாமல் உதவியாளர்களே பொறுப்பு வகிக்கிறார்கள். நூறு டோக்கன் போடும் நாளில் ஒரு பத்திரத்துக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் 30 பக்கத்தைப் படித்து, தடைசெய்யப்பட்ட புல எண்ணா, கோயில் நிலமா, நீதிமன்றத் தடை உள்ளதா, அங்கீகாரமில்லா மனையா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தவறினால் குறிப்பாணை அவர் பெயருக்கு வரும், மேலே இருப்பவர்களுக்கு வராது. லஞ்ச ஒழிப்புத்துறையின் திடீர்ச் சோதனையும் எந்த நேரமும் வரலாம். இந்த அழுத்தத்தில் நேர்மையான அலுவலரும் “எதற்கு வம்பு” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். மறுப்பை எழுத்தில் கொடுக்கவும் அவருக்குப் பயம், நாளைக்கு அந்தச் சீட்டு உயர் நீதிமன்றத்தில் படிக்கப்படும். கட்டடங்களின் நிலையும் பல இடங்களில் இரக்கத்துக்குரியது. வாடகை மாடியில் இயங்கும் அலுவலகத்துக்கு, செட்டில்மென்ட் எழுதிவைக்க வந்த எண்பது வயதுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். நடமாட முடியாதவரின் வீட்டுக்கே அலுவலர் போய்ப் பதியலாம் என்று பதிவுச் சட்டத்தின் 31, 38 பிரிவுகளில் வழி இருக்கிறது. அந்த வழி இருப்பதை அலுவலகச் சுவரில் எழுதி வைத்தாலே பாதிப் பேருக்கு அந்தச் சிரமம் மிச்சமாகும்.

‘ஸ்டார் 3.0’ அறிவிக்கப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, நேரில் வராமலே பதிவு என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. வரட்டும். அதை வடிவமைக்கும் பொறியாளர்களிடம் துறை கேட்டு வாங்க வேண்டியவை இவற்றைவிட எளியவை. டோக்கன் எடுத்த எந்த ஆவணமும், பதிவு எண்ணோ நிலுவை எண்ணோ மறுப்பு எண்ணோ இல்லாமல் அன்றைய கணக்கிலிருந்து வெளியேற முடியாதபடி மென்பொருள் இருக்க வேண்டும். மறுப்பு என்றால் எந்தச் சட்டப்பிரிவு, எந்தத் தாள் குறை என்பதை அலுவலர் தேர்ந்தெடுத்தால்தான் திரை மூட வேண்டும். அந்தக் காரணமும் 30 நாள் மேல்முறையீட்டுக் கெடுவும் மேல்முறையீட்டு அலுவலரின் முகவரியும் தமிழில் அச்சாகிக் கைக்கு வர வேண்டும். அலைபேசி எண் கட்டத்தில் வாங்குபவரின் எண்தான் இருக்கிறதா என்று அலுவலகத்தில் படம் பிடிக்கும்போதே அழைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் சென்ற மாதம் எத்தனை பத்திரம் பதிவானது, எத்தனை நிலுவையில் போனது, எத்தனை மறுக்கப்பட்டது, மேல்முறையீட்டில் எத்தனை மறுப்பு ரத்தானது என்ற நான்கு எண்களையும் அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். நூறில் ஒன்று நிலுவையாகும் அலுவலகமும் நூறில் இருபது நிலுவையாகும் அலுவலகமும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தால், எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்று மாவட்டப் பதிவாளருக்கு அப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்காது. புதிய சட்டம் எதுவும் இல்லாமல், பதிவுத்துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கையாலேயே இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடங்கிவிடலாம்.